பொன்னீரால் எழுதியவர்கள்

"இவை பொன்னெழுத்துக்களால் பொறிக்கத்தக்க வார்த்தைகள்!" என்று மேடைப் பேச்சாளர்கள் முழங்கக் கேட்டிருப்பீர்கள். உர்தூ மொழியினர் இதையே 'ஆபே ஸர்' கொண்டு எழுதத்தக்கது என்பர். பொன்னின் நீர் என்பது அதன் பொருள். அரபு மக்கள் 'மாஉத் தஹப்' என்பர், அதுவும் பொன்னீர்தான். இன்று நமக்கு இது வெறும் புகழ்ச்சி வழக்கு. ஆனால், மெய்யாகவே பொன்னை அரைத்து, நீரில் கரைத்து, நாணற் பேனாவால் தொட்டு எழுதிய காலம் ஒன்று இருந்தது. அக்கலைக்கென்றே கிரேக்க மொழியில் ஒரு சொல்லும் உண்டு: 'கிரைசோகிராஃபி'. 'கிரைசோஸ்' என்றால் பொன். 'கிராஃபைன்' என்றால் எழுதுதல். பெரிய அகராதிகளைப் புரட்டினாலன்றி இன்று யாருடைய கண்ணிலும் படாத சொல் அது. துருக்கியர் தங்கள் பங்குக்கு 'ஸெரெந்தூத்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அரபியில் வழங்கும் 'தத்ஹீப்' சற்று விரிந்த சொல். எழுத்து மட்டுமன்றி, பொன் கொண்டு செய்யும் அலங்காரம் அனைத்தையும் அது குறிக்கும். அவ்வேலையைச் செய்பவர் 'முதஹ்ஹிப்'.

அரபு இலக்கியத்தோடு பழக்கமுள்ளவர்களுக்கு 'முஅல்லகாத்' என்னும் அறியாமைக் காலக் கவிதைகள் தெரிந்திருக்கும். அவற்றுக்கு 'முதஹ்ஹபாத்' – பொன்பூசியவை – என்றும் ஒரு பெயருண்டு. எகிப்திய மெல்லிய துணியில் பொன்னீரால் எழுதிக் கஅபாவிலே தொங்கவிட்டார்கள் என்று குர்துபாவின் புலவர் இப்னு அப்து ரப்பிஹி (மறைவு ஹிஜ்ரி 328) எழுதிவைத்தார். ஏறத்தாழ அவர் காலத்தவரான எகிப்திய இலக்கண அறிஞர் அந்நஹ்ஹாஸ் (மறைவு ஹிஜ்ரி 338) அப்படியொன்றும் நடக்கவில்லை என்று மறுத்துவிட்டார். அந்நஹ்ஹாஸின் கூற்றே ஏற்கத்தக்கது என்பது என் எண்ணம். ஆயினும், உயர்ந்த சொல்லைப் பொன்னோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அரபு மக்களிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இக்கதை ஒரு சான்று.

சொல் ஒருபுறம் இருக்கட்டும். அந்த மையை எப்படிச் செய்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

பொன் நீரில் கரையாது. உப்பைப் போலவோ சாயத்தைப் போலவோ கலந்துவிடாது. ஆகவே அதை மையாக்க வேண்டுமானால் தூளாக்குவதன்றி வேறு வழியில்லை. கட்டியாக அரைக்கவும் முடியாது. பொன் மிருதுவானது, அரைக்க அரைக்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே, முதலில் அதைத் தோல்களுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்து அடித்து, மூச்சுக்காற்றுப் பட்டாலே பறந்துவிடும் தகடாக்கினார்கள். இக்காலத்துப் பொற்றகடு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமே உடையது. ஒரு சவரன் பொன்னை, அதாவது 8 கிராமை, அவ்வாறு அடித்தால் ஏறத்தாழ 4 சதுர மீட்டருக்குப் பரவும். ஒரு சிறிய அறையின் தரையில் பாதியை மூடிவிடலாம்! பழங்காலத் தகடு இதைவிடச் சற்றே தடித்தது.

பிறகு ஒரு பீங்கான் தட்டிலே சிறிது தேனையோ வேலம்பிசினைக் கரைத்த நீரையோ விட்டு, தகடுகளை ஒவ்வொன்றாக அதில் இட்டு, விரல் நுனியால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாழிகை, இரண்டு நாழிகை வேலையல்ல. பல மணி நேர வேலை. தேனின் பசைத்தன்மை பொற்றுகள்களை மீண்டும் ஒட்டவிடாமல் பிரித்து வைக்கிறது. தேய்த்து முடிந்ததும் நீர் ஊற்றிக் கழுவி, பொன் அடியில் படியும்வரை காத்திருந்து, மேல்நீரை இறுத்துவிட்டு, மறுபடியும் நீர் ஊற்றுவார்கள். தேன் முழுவதும் போன பின்பு எஞ்சும் மெல்லிய பொடியில் சிறிதளவு பிசின்நீர் சேர்த்தால் பொன் மை ஆயத்தம்.

மை ஆயத்தமாகிவிட்டதே தவிர எழுதுவது எளிதன்று. பொன் நீரைப்போல 19 மடங்கு எடையுள்ளது. பேனாவின் நுனியிலேயே படிந்து நின்றுவிடும். ஓயாமல் கலக்கிக்கொண்டே எழுத வேண்டும். எழுதிய உடனே மின்னுவதுமில்லை. காய்ந்ததும் மங்கிய மஞ்சள் மண்ணைப் போலத்தான் கிடக்கும். அதன்மேல் வழவழப்பான 'அகீக்' கல்லை வைத்துத் தேய்த்தால்தான் பொன் தன் முகத்தைக் காட்டும். நம்மவர்கள் மோதிரத்தில் பதித்து அணிகிறார்களே, அதே இனத்துக் கல்தான்! இறுதியாக, எழுத்தின் ஓரங்கள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக மயிரிழை போன்ற கருப்பு மைக்கோட்டைச் சுற்றிலும் வரைவதும் உண்டு.

இத்தனை பாடு எதற்கு? கண்ணைப் பறிக்கும் ஒளி ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு: பொன் துருப்பிடிப்பதில்லை, கறுப்பதில்லை, மங்குவதில்லை. இரும்புச்சத்துக் கலந்த பழைய மை நூற்றாண்டுகள் செல்லச்செல்லத் தாளையே அரித்துவிடும். வெள்ளி கறுத்துப்போகும். பொன்னோ எழுதிய நாளில் இருந்தபடியே இருக்கும்.

கலீஃபா திருப்பிக் கொடுத்த பிரதி

பாக்தாதின் புத்தக வணிகர் இப்னுந் நதீம், ஹிஜ்ரி 377-ல் (கி.பி. 987) தாம் அறிந்த நூல்களுக்கெல்லாம் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பெரும் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். நூலாசிரியர்களோடு நில்லாமல், அழகுற எழுதியவர்களையும் பொன்பூசியவர்களையும்கூடப் பெயர் சொல்லிக் குறித்து வைத்தார் அந்த நல்ல மனிதர்.

ஆரம்ப காலத்தில் முஸ்ஹப்களை எழுதி அழகிய கையெழுத்துக்குப் பேர்போனவர் காலித் இப்னு அபில் ஹய்யாஜ் என்று அவர் கூறுகிறார். உமையா கலீஃபா வலீத் (ஆட்சி கி.பி. 705 முதல் 715 வரை) அவர்களுக்காக எழுதிவந்தவர் இவர். மதீனாவில் மஸ்ஜிதுந் நபவீ விரிவுபடுத்தப்பட்ட போது, கிப்லாச் சுவரில் சூரத்துஷ் ஷம்ஸ் தொடங்கித் திருமறையின் இறுதிவரை, ஆக 24 சூராக்களையும் பொன்னால் எழுதியவர் இவரே. அச்சுவர் இன்று இல்லை. ஆனால், அத்திருப்பணியை நடத்திய மதீனாவின் ஆளுநர் யார் தெரியுமா? பிற்காலத்தில் கலீஃபாவாகி நீதிக்குப் பெயர் பெற்ற ஹஜ்ரத் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள்தாம்!

அதே மாதிரியில் தமக்கு ஒரு முஸ்ஹபு எழுதித் தருமாறு காலிதை உமர் (ரஹ்) கேட்டார்கள். காலித் தம் திறமை அனைத்தையும் கொட்டி எழுதிக் கொண்டுவந்தார். உமர் (ரஹ்) அதைக் கையில் வாங்கினார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். அதன் அழகை மெச்சினார்கள். பிறகு, விலை மிகுதி என்று கருதி, எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்னுந் நதீம் இரண்டே வரிகளில் சொல்லிப் போகும் நிகழ்ச்சி இது. அழகை வெறுத்துத் திருப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். மெச்சிய பிறகே திருப்பினார்கள். பொன்னெழுத்தைப் பற்றிப் பின்னால் எழுந்த கருத்து வேறுபாடுகள் எல்லாவற்றின் வித்தும் அந்த ஒரு செயலில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இறைவனின் வேதத்தை உலகின் விலையுயர்ந்த பொருளால் எழுதுவது கண்ணியமா? அன்றி, அந்தப் பொருள் வேறு இடத்துக்குச் சேர வேண்டியதா?

உலமாப் பெருமக்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. இமாம் ஸுயூத்தீ (ரஹ்) தமது 'அல்இத்கான்' நூலில் இரு பக்கத்தையும் எடுத்து வைக்கிறார்கள். பொன்னால் எழுதுவது நல்லதே என்பது இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் கருத்து. இப்னு அப்பாஸ், அபூதர், அபுத்தர்தா (ரலியல்லாஹு அன்ஹும்) ஆகிய ஸஹாபாப் பெருமக்களோ அதை வெறுத்ததாக அபூ உபைத் அறிவிக்கிறார்கள். பொன்னால் அலங்கரித்த ஒரு முஸ்ஹபைக் கண்ட இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள், அதற்கு மிகச் சிறந்த அலங்காரம் அதை முறைப்படி ஓதுவதே என்னும் கருத்தில் சொன்னதாகவும் அதே இடத்தில் பதிவாகியிருக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில், பெண்களின் முஸ்ஹபுக்குப் பொன் அலங்காரம் ஆகும், ஆண்களுக்கு ஆகாது என்று பிரித்துரைக்கும் கருத்தும் உண்டு. நகையிலே காணும் அதே வேறுபாடு முஸ்ஹபிலும்!

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஊதா நிறம் தோய்த்த தோலில் பொன்னாலும் வெள்ளியாலும் வேதம் எழுதும் வழக்கம் ரோமக் கிறிஸ்தவர்களிடையே நமக்கு முன்பே இருந்தது. கி.பி. 384-ல் எழுதிய ஒரு கடிதத்தில் கிறிஸ்தவப் பெரியார் ஜெரோம், தோலுக்குச் சாயமும் எழுத்துக்குப் பொன்னும் அட்டைக்கு மணிகளும் செலவிடுகிறீர்களே, உங்கள் வாசலில் ஏழை ஆடையின்றிக் கிடக்கிறானே என்று கடுமையாகவே கண்டித்திருக்கிறார்.

கைரவானின் நீலத் திருமறை

தயக்கங்கள் இருந்தும் பொன்னெழுத்து நின்றுவிடவில்லை. அவ்வாறு எழுந்தவற்றுள் ஒன்றை அவசியம் அறிய வேண்டும். வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரத்துப் பெரிய பள்ளிவாசலோடு தொடர்புடைய நீலத் திருக்குர்ஆன் அது.

தாளில் அன்று, தோலில் எழுதப்பட்டது. தோல் முழுவதும் ஆழ்ந்த நீலம். நாம் அவுரி என்று அழைக்கும் செடியிலிருந்து எடுக்கிறார்களே, அதே சாயப் பொருள். அகலவாட்டில் அமைந்த பக்கம், ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். பக்கத்துக்கு 15 வரிகள். கூஃபீ எழுத்தில், இரவு வானத்தில் நட்சத்திரங்களைக் கோத்து வைத்தாற்போலப் பொன் வரிகள் ஓடுகின்றன. வசனங்களைப் பகுக்க வெள்ளியால் சிறு பூக்கள் இட்டார்கள். அந்த வெள்ளி இன்று கறுத்து, நீலத்தோடு கலந்து, உற்றுப் பார்த்தாலொழியத் தெரிவதில்லை. பொன்னோ ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அப்படியே ஒளிர்கிறது. முதலில் பசையால் எழுதி அதன்மேல் பொற்றகட்டை ஒட்டியிருக்கிறார்கள் என்று அதை அருகிருந்து ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர்; அப்படியானால் பொன் மையிலும் நுட்பமான வேலை அது.

அந்தப் பக்கங்களில் நுக்தாக்கள் இல்லை. ஜபர், ஜேர், பேஷ் குறிகளும் இல்லை. வரிகள் நிரம்ப வேண்டும் என்பதற்காக எழுத்துக்கள் நீட்டியும் சுருக்கியும் எழுதப்பட்டிருக்கின்றன. நம் மதரஸாப் பிள்ளைகளிடம் காட்டினால் ஒரு வரிகூட ஓத இயலாது திகைப்பார்கள். ஏற்கெனவே நெஞ்சில் சுமந்திருக்கும் ஹாஃபிழ்கள்தாம் அதை ஓதியிருக்க முடியும். ஓதக் கற்பதற்கான பிரதியாக அன்றி, ஓதப்பட்டதற்குச் செய்த மரியாதையாகவே அதை எழுதினார்கள் என்று கொள்வது பொருந்தும்.

எழுதியவர் பெயர் இல்லை. எழுதிய ஆண்டும் இல்லை. ஃபாத்திமிய்யா ஆட்சியில் வட ஆப்பிரிக்காவில் எழுந்தது என்பர் சிலர். ஸ்பெயின் என்பர் சிலர். அப்பாஸிய்யா காலத்துப் பாக்தாத் என்பாரும் உளர். கைரவான் பள்ளிவாசல் நூலகத்துக்கு ஹிஜ்ரி 693-ல் (கி.பி. 1293–94) எடுத்த பட்டியலில், கருநிறத் தோலில் பொன்னால் எழுதிய ஏழு பாகங்கள் கொண்ட பெரிய முஸ்ஹபு ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதுவே இது என்று பலர் கருதுகின்றனர்.

ஏறத்தாழ 600 தோல் ஏடுகள் இருந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. இன்று நமக்குத் தெரிந்தவை சுமார் 100. துனீசியாவில் ஒரு பகுதி தங்கியிருக்கிறது. மற்றவை டப்ளினில் ஒன்று, நியூயார்க்கில் ஒன்று என்று தனித்தனி ஏடுகளாகக் கடல் கடந்து சிதறிக் கிடக்கின்றன. முழு முஸ்ஹபாக விற்பதைவிட ஒவ்வோர் ஏடாகப் பிரித்து விற்றால் இலாபம் அதிகம் என்று கண்டுகொண்ட வியாபாரிகளின் கைகளில் அகப்பட்டு இப்படிச் சிதறிய பழைய முஸ்ஹப்கள் பல. அழகு அதைக் காப்பாற்றவில்லை. அழகுதான் அதைப் பிரித்தது.

கைரவானைவிட்டுப் போகுமுன் நம் சகோதரிகளுக்கென ஒரு செய்தி. அந்நகரை ஆண்ட ஸிரீ அரச குடும்பத்தின் செவிலித் தாய் ஃபாத்திமா என்பார், ஹிஜ்ரி 410-ல் (கி.பி. 1020) ஒரு பெரிய முஸ்ஹபை எழுதச் செய்து பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்தார். எழுதியதும், குறியிட்டதும், பொன்பூசியதும், கட்டியதும் அலீ இப்னு அஹ்மத் அல்வர்ராக் என்னும் ஒருவரே. மேற்பார்வை செய்தவர் துர்ரா என்னும் பெண் எழுத்தர்! 'முஸ்ஹபுல் ஹாழினா' – செவிலித் தாயின் முஸ்ஹபு – என்ற பெயரோடு அது வரலாற்றில் நிற்கிறது. அக்குடும்பத்து அரசர் முஇஸ்ஸு பின் பாதீஸின் பெயரால் வழங்கும் 'உம்தத்துல் குத்தாப்' என்னும் நூலில் பேனா, மை, புத்தகக் கட்டு ஆகியவற்றோடு பொன் மை செய்யும் முறையும் விவரிக்கப்பட்டிருக்கிறது.

கெய்ரோவில் ஏழு பாகங்கள்

தாள் பெருகிய பிறகு எழுந்த பொன் திருமறைகளில் தலைசிறந்த ஒன்று, கெய்ரோவில் மம்லூக் தளபதி பைபர்ஸ் அல்ஜாஷ்னகீர் எழுதச் செய்தது. ஹிஜ்ரி 704, 705-ல் (கி.பி. 1304 முதல் 1306 வரை) ஏழு பாகங்களாக, தொடக்கம் முதல் முடிவு வரை பொன்னாலேயே எழுதப்பட்டது. எழுதியவர் இப்னுல் வஹீத். பொன் வேலை செய்தவர்களுள் 'ஸந்தல்' என்று அழைக்கப்பட்ட அபூபக்ர் தலையாயவர்.

இதற்காக 1600 தீனார் கொடுக்கப்பட்டதாக அக்கால வரலாற்றாளர்கள் எழுதுகின்றனர். அதில் ஒரு பகுதியைத்தான் பொன்னுக்குச் செலவிட்டு, பெரும்பகுதியை இப்னுல் வஹீத் தாமே வைத்துக்கொண்டார் என்று கோள் சொன்னார்களாம். இப்படி எழுத இன்னொருவன் எப்போது பிறப்பான் என்று சொல்லித் தளபதி அதைப் பொருட்படுத்தவில்லையாம். உமர் (ரஹ்) அவர்களின் முடிவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பைபர்ஸ் 1309-ல் சுல்தான் ஆனார்; ஓராண்டுக்குள் அரியணை இழந்து 1310-ல் கொல்லப்பட்டார். அவருடைய ஏழு பாகங்களும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில், ஒன்றும் பிரியாமல் இருக்கின்றன.

துருக்கியர் இக்கலையைப் புத்தகத்திலிருந்து சுவருக்குக் கொண்டுபோனார்கள். இஸ்தான்புல் ஆயா ஸோஃபியாவில், பச்சை வட்டங்களில் பொன்னால் எழுதிய எட்டுத் திருநாமங்களைப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் காழி அஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸத் எஃபெந்தி எழுதியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழரை மீட்டர் குறுக்களவு. 1930-களில் அவ்விடம் அருங்காட்சியகமாக்கப்பட்ட போது அவற்றைக் கீழே இறக்கினார்கள். வெளியே கொண்டுபோக முயன்றால் எந்த வாசலிலும் நுழையவில்லை! சுவரோரம் சாய்ந்து கிடந்தவற்றை 1949-ல் பழைய இடத்திலேயே மாட்டினார்கள்.

நம் வீட்டில் இருப்பது

இன்று நம் வீட்டுத் திருமண அழைப்பிதழில் பிஸ்மில்லாஹ் பொன்னிறத்தில் மின்னுகிறது. ஆயத்துல் குர்ஸீ சட்டத்துக்குள் பளபளக்கிறது. இவற்றில் குன்றிமணி அளவும் பொன் இல்லை. அச்சக மை பித்தளைத் தூள், நாளடைவில் கறுக்கும். அழுத்தி ஒட்டும் பொன்னிறப் படலம் அலுமினியத்தின் மேல் மஞ்சள் பூச்சு. ஆகவே, மேலே கண்ட சட்டச் சிக்கல் எதுவும் அவற்றுக்கு இல்லை.

ஆனால், உங்கள் பாட்டனார் காலத்துப் பெட்டியில் கையால் எழுதிய முஸ்ஹபோ கிதாபோ இருக்கலாம். முதற்பக்கத்தில் மெல்லிய பொற்கோடுகள் தெரியலாம். அப்படியானால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பொன்னைப் பிடித்து வைத்திருப்பது பிசின் மட்டுமே, நீர் பட்டால் இளகிப் பெயர்ந்துவிடும். கிழிசலில் ஒட்டுநாடா வேண்டாம்; பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூடேற்றி ஒட்டுவதும் வேண்டாம். பொற்கோட்டின் அருகே பச்சைக் கோடு இருந்து தாள் அவ்விடத்தில் பழுப்பேறிப் பொடிந்தால், அது செம்பிலிருந்து செய்த பச்சையின் வேலை; அந்தப் பக்கத்தை அதிகம் மடக்காதீர்கள். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்கவாட்டில் வையுங்கள்.

கடைசிப் பக்கத்தை அரபுக் கல்லூரி உஸ்தாது ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் பெயரும் ஊரும் ஹிஜ்ரி ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று வாங்கிப்போகும் கட்டுநரிடம், ஓரங்களைச் சமமாக வெட்டக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓரக்குறிப்புக்களும் பக்கத்தைச் சுற்றிய பொற்கட்டமும் அந்த வெட்டுக்கத்தியில்தான் போகின்றன.